காற்று இறங்கிய வண்டி

"மத்தியானத்துக்கு மேல பனி உருகித் தண்ணி ஏறிரும். ஒரு மணிக்குள்ள ஓடையத் தாண்டித் திரும்பி வந்தரோணும். இல்லீனா நாளைக்குத்தானுங்க்கா!" என்று கூட வந்திருந்த ஜமால் எச்சரித்தான்.

நாளை என்ற பேச்சே பரிமளாவுக்கு ஆகவில்லை. இமயத்தின் ஸ்பிட்டி மலையில் ஓடைக்கு அந்தப் பக்கம், ஆட்டிடையர்களின் கல்குடிசையில் அவள் தம்பி மோகன் முறிந்த காலோடு கிடந்தான். எல்லோருமாகச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், ஏரியைப் பார்க்கத் தனியாக நடந்தவன் பாறையில் சறுக்கி விழுந்து மூன்று நாளாகிறது. செய்தி கொண்டுவந்த இடையர், புண் கறுத்துவிட்டது என்றார். இன்றைக்கே கொண்டுவராவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று கிராமத்து மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மண்சரிவால் ஜீப் போகாது. மேகத்தால் ஹெலிகாப்டர் வராது. மோட்டார் சைக்கிள் மட்டும்தான் போகும்!

இரண்டு வண்டிகள் இருந்தன. ஜமாலுடையது சின்னது, முறிந்த காலோடு ஒருவனை உட்கார வைக்க முடியாது. அத்தை மகன் நாச்சிமுத்துவின் பெரிய வண்டியில்தான் நாற்காலி மாதிரி கைப்பிடியும் சாய்மானமும் வைத்த பின்சீட் இருந்தது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்து, அதன் மேல் மிதந்து ஓடும் வண்டி அது. கோயம்புத்தூரிலிருந்து வழிநெடுக ஒரு டீக்கடை விடாமல் நிறுத்தி, பொத்தானை அமுக்கி, பின்பக்கத்தைப் 'புஸ்'ஸென்று தரையோடு இறக்கி, கூட்டம் வாயைப் பிளந்ததும் 'குர்ர்ர்' என்று மறுபடி ஏற்றிக் காட்டுவது நாச்சிமுத்துவின் வழக்கம். இன்று காலை கிளம்பும்போதும் நாலு பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள் என்று இரண்டு தரம் காட்டினான். பரிமளா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

பதினாலு கிலோமீட்டர் போனார்கள். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்பக்கம் 'தொப்'பென்று உட்கார்ந்தது! டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. நாச்சிமுத்து பொத்தானை அமுக்கினான். குர்ர்ர் இல்லை. திரும்பத் திரும்ப அமுக்கினான்.

"கல் மாதிரி ஆயிருச்சு புள்ள. இந்த வண்டி இப்படிப் பண்ணவே பண்ணாது!"

"தள்ளுங்க மச்சான்."

பரிமளா கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் பதினோரு வருஷமாகச் சோதனைப் பிரிவில் இருப்பவள். பக்கத்து மூடியைக் கழற்றினாள். காற்றை அடிக்கும் சின்ன கம்ப்ரஸர் தொட முடியாமல் கொதித்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பி சொருகியிருந்தது.

"இது யார் வேலை?"

நாச்சிமுத்து மலையைப் பார்த்தான். "மணாலியில ரெண்டு வாட்டி ஃபியூஸ் போச்சு. வாட்ஸப் குரூப்புல கேட்டேன். கம்பியப் போடச் சொன்னாங்க. உன்றகிட்டச் சொன்னா வைவியேன்னு..."

அவளுக்குத் தலை முதல் கால் வரை எரிந்தது. "ஃபியூஸ் ரெண்டு வாட்டி போகுதுன்னா எங்கியோ காத்து ஒழுகுது, மோட்டார் ஓயாம ஓடுதுன்னு அர்த்தம் மச்சான்! பொளப்பே பம்புன்னு இருக்கறவ உங்களுக்குப் பின்னாடியே உக்காந்திருக்கறேன். முகந்தெரியாதவனக் கேட்டீங்க, என்னக் கேக்கத் தோணுலியா? என்ற தம்பி காலு போச்சுன்னா அந்தக் குரூப்பா வந்து நடக்கும்?"

ஜமால் மெல்ல, "அக்கா, மணி ஒம்பதரை" என்றான். திட்ட இன்னும் நிறைய இருந்தது. நேரம் இல்லை!

"கம்ப்ரஸர் செத்துப்போச்சு. அது வேண்டாம். பை கிழியாம இருந்தாப் போதும். சோப்பு எடு ஜமால்!"

சோப்பைக் கரைத்துக் குழாய் நெடுக ஊற்றி, மிச்சமிருந்த காற்றுக்கு எங்கே நுரை கிளம்புகிறது என்று பார்த்தாள். பெட்டி மாட்டும் கம்பி உரசி உரசி, கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயில் ஊசித்துளை விழுந்திருந்தது. துளைக்கும் பைக்கும் நடுவில் குழாயை வெட்டி, பையின் பக்கத்து, முனையில் ஒரு ஸ்குரூவைத் திருகி அடைத்து, மேலே கம்பி சுற்றி இறுக்கினாள். பை தப்பித்திருந்தது. சீட்டைத் தூக்கினால், கையால் காற்றடிக்கவென்றே கருப்பு மூடி போட்ட ஒரு வால்வு! இரண்டு வருஷமாக நாச்சிமுத்து அதைத் திறந்ததும் இல்லை, வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டியதும் இல்லை.

ஜமாலின் கால்பம்பை நாச்சிமுத்துவின் காலடியில் போட்டாள். "மிதிங்க!"

மூச்சு முட்டும் அந்த உயரத்தில் நாச்சிமுத்து முந்நூறு மிதி மிதித்தான். உதடு நீலம் பாரித்தது. அவள் போதும் என்று சொல்லவில்லை. பின்பக்கம் விரல் விரலாக எழுந்து நின்றது.

பதினொன்றரைக்கு ஓடையைத் தாண்டினார்கள். குடிசைக்குள் மோகன் காய்ச்சலில் முனகினான். "காலைலயே வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்..."

பரிமளா வாயெடுப்பதற்குள் நாச்சிமுத்து முந்திக்கொண்டான். "என்னாலதான்டா லேட்டு. தப்பு பூராம் என்னுது."

காலுக்குப் பலகை கட்டி, மூன்று பேருமாகத் தூக்கி மோகனைப் பின்சீட்டில் வைத்துக் கட்டினார்கள். ஓடைக்குத் திரும்பும்போது மணி ஒன்றை நெருங்கியிருந்தது. தண்ணீர் கலங்கி, காலையில் பார்த்த கற்களையெல்லாம் மூடிக்கொண்டு ஓடியது.

"மூணு பேர் பாரத்த இந்தப் பை தாங்காது" என்றாள் பரிமளா. "நான் ஓட்டறேன். நீங்க எறங்கித் தள்ளுங்க."

உயிரான வண்டியின் சாவியை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு நாச்சிமுத்து தண்ணீரில் இறங்கினான். முழங்காலுக்கு மேல் பனித்தண்ணீர்! வண்டி பாறையில் மோதிச் சாய்ந்தது. தோளைக் கொடுத்து முட்டினான். "விடு புள்ள! ஆக்ஸிலேட்டர முறுக்கு!" முன்னாலேயே தாண்டியிருந்த ஜமால் அக்கரையிலிருந்து, வண்டியில் கட்டிய கயிற்றை இழுத்தான். பின்சக்கரம் ஒரு தரம் சுழன்று, கல்லைப் பிடித்து, கரையேறியது!

மாலை நாலரைக்குக் கிராமத்து ஆஸ்பத்திரி அறையிலிருந்து மருத்துவர் வெளியே வந்து, கால் பிழைத்துவிட்டது என்று சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பரிமளா ஆரம்பித்தாள். காலையிலிருந்து அடக்கியதையெல்லாம் கொட்டினாள். கம்பியைச் சொன்னாள், புஸ்ஸைச் சொன்னாள், மறைத்ததைச் சொன்னாள். "சின்னதா இருக்கறப்பவே சொல்லித் தொலையறதுக்கு என்ன கேடு? வஞ்சா வாங்கிக்கறது! வாங்கிட்டா என்ன கொறஞ்சுருவீங்க?" நாச்சிமுத்து நனைந்த பேண்ட்டோடு நடுங்கியபடி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டான்.

உள்ளேயிருந்து மோகனின் குரல் வந்தது. "அக்கா, போதும்! டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் பயப்படறாரு!"

"அத இங்க வந்து சொல்லுடா!"

"ஆறு வாரம் பொறு. நடந்தே வந்து சொல்றேன்!"

பரிமளா அங்கேயே படியில் உட்கார்ந்து, அந்த மூன்று நாளில் முதல்முறையாக அழுதாள்.