ஒகையோ முந்திக்கொண்டது

“ஹலோ, அது என்ரை குடை.”

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதி மரக்கறிக் கடை வாசலில் சாருகா மறித்தபோது அந்த நெடியவன் குடையை விரித்தே விட்டிருந்தான். வெளியே ஜூன் மழை...

“சாரிங்க... என்னோடதும் கறுப்புதான்.”

“இஞ்சை எல்லாற்றையும் கறுப்புத்தான். அதுக்காக ஆற்றையையும் கொண்டுபோறதே?”

அவன் சிரித்தான். கண்ணில் தொடங்கி மெல்ல இறங்கிய சிரிப்பு... குடையை வாங்கிக்கொண்ட சாருகா அதை விரிக்க மறந்து தொப்பலாக நனைந்தாள்.

பெயர் சாய். சென்னைக்காரன், அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்து, ஈராக் போய் மீண்டு, இப்போது ஒஸ்லோவின் புறப்பகுதியான ரொம்சோஸில் அக்கா வீட்டு சோபாவில் கோடையைக் கழிப்பவன். அதன்பிறகு மழை பெய்த நாளெல்லாம் இருவருக்கும் குறொன்லாண்டில் மரக்கறி தேவைப்பட்டது. ஒஸ்லோவில் மழைக்கா பஞ்சம்... சாருகாவின் அம்மா வெண்டிக்காய் தின்றே களைத்துப்போனார்.

ஒருநாள் தேநீர்க் கடையில் சொன்னான்.

“அமெரிக்காவுல, ஒகையோ மாநிலத்துல அரசு காலேஜ் கிடைச்சிருக்குங்க. வெளி மாநிலத்தான்னா ஃபீஸ் என்னால கட்டவே முடியாது. ஆனா பட்டாளத்துலேர்ந்து வந்தவன், அங்கயே குடியிருக்கப் போறேன்னு சொன்னா, முதல் நாள்லேர்ந்தே உள்ளூர் ஃபீஸ்தானாம்.”

‘போகாதையுங்கோ’ என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. அவனே முதலில் கேட்கட்டுமே என்று மானம் அதைத் திருப்பி அனுப்பியது. பதிலுக்கு வேறொன்று வந்து விழுந்தது.

“மலிவுக்கு ஊர் மாறுற ஆளோ நீங்கள்?”

அவன் தேநீரையே பார்த்தான். “பட்டாளம் என்னை ஊர் ஊரா மாத்திச்சு. ஒரு ஊரும் உள்ளூர்க்காரன்னு சொன்னதில்லங்க. ஒகையோதான் முதல்ல சொல்லுது.”

ஒஸ்லோவிலேயே பிறந்தும் ‘நீ எந்த நாடு?’ என்ற கேள்விக்குத் தப்பாதவள் அவள். மனதுக்கு உடனே புரிந்தது... நாக்குக்குத்தான் ஓகஸ்ட்வரை பிடித்தது.

அவன் பயணம் போகும் நாளன்று, விமான நிலைய பஸ் புறப்படும் இடத்துக்கு ஓடிவந்து மூச்சிரைத்தாள்.

“ஒகையோ உங்களைக் கேட்டுது, என்னோடை இருப்பியளோ எண்டு. நான் கேக்கேல்லை. ஒரு மாநிலத்துக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கேல்லை, சாய்.”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

“நீங்க கேட்பீங்கன்னுதான் அன்னிக்கு காலேஜ் விஷயத்தைச் சொன்னேன். இங்க ஃபீஸே கிடையாது... நோர்வே மொழி படிச்சுட்டு இங்கயே இருந்திருப்பேன். இப்ப விசா முடிஞ்சாச்சு. அங்க வீடு எடுத்தாச்சு. திங்கட்கிழமை கிளாஸ்.”

“தெரியும். மறிக்க வரேல்லை.”

பஸ் கதவு திறந்தது. சாருகா அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

“எனக்கு உங்களிலை விருப்பம். இஞ்சை இருக்கச் சொல்ல ஆளில்லை எண்டு நினைச்சுப் போகாதையுங்கோ... ஒருத்தி கேட்டவள் எண்டு தெரிஞ்சுகொண்டு போங்கோ.”