சுத்தமான தொட்டியில் சோகைச் செடி

குண்டூசிக்குத் தலை சுற்றியது.

ஒரே செடி. ஒரே கத்தரியால் வெட்டி, ஒரே நாளில் நட்டது. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் மீன்தொட்டியில் அது காடாய் மண்டிக் கிடந்தது. இவள் வீட்டுத் தொட்டியிலோ மஞ்சளாகி, குச்சியாய் நின்றது.

அவளுக்குப் பத்து வயது. ஒல்லி உடம்பு, குத்துகிற கேள்வி. அதனால் குண்டூசி.

காத்திருக்க நேரமில்லை. பெரிய கப்பி மீனுக்கு வயிறு உப்பியிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் குட்டி போடும். போன தடவை பிறந்த குட்டிகளுக்கு ஒளிய ஒரு இலைகூட இல்லை. மற்ற மீன்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன. கடைசிக் குட்டியின் வால் ஒரு வாய்க்குள் போனதைக் குண்டூசி பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கீழே ஓடினாள்.

"அக்கா, உங்க செடிக்கு என்ன மருந்து விடுறீங்க?"

"எனக்கு வாங்கி வச்ச மருந்தையே நான் குடிக்கிறதில்ல. செடிக்கு வேறயா?" தையல் மெஷினை நிறுத்தாமலே அக்கா சொன்னாள்.

"அப்போ ஃபில்டர்ல என்ன இருக்கு?"

"வெறும் பஞ்சு. மாசம் ஒரு தடவை தொட்டித் தண்ணியிலயே ரெண்டு பிழி பிழிவேன். அவ்வளவுதான்."

குண்டூசி மூடியைத் திறந்து பார்த்தாள். பஞ்சு பழுப்பாய், வழவழவென்று இருந்தது.

"ச்சீ!"

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாரு. செடி என்னமா சிரிக்குது!"

இன்னும் குழப்பத்தோடு மாடி ஏறினாள்.

அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு நூறு படுக்கை விரிப்பு. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் வெடித்திருக்கும். ஆனாலும் கறையைக் கண்டால் சும்மா இருக்கமாட்டாள். வீட்டு மீன்தொட்டியின் ஃபில்டருக்குள் பஞ்சோடு கருப்புக் கரித்துண்டுகளும் போட்டிருந்தாள். வாராவாரம் பழைய கரியைக் கொட்டிவிட்டுப் புதுக் கரி போடுவாள்.

"பாருடி, பளிங்கு மாதிரி தண்ணி!" என்று பெருமையாய்ச் சொல்வாள்.

தண்ணீர் பளிங்குதான். அதுதான் குண்டூசியைக் குடைந்தது. செடி வளர என்று தினமும் காலையில் அவளே தொட்டியில் விடுகிற மருந்து தேநீர் மாதிரி பழுப்பு. மாலையில் பார்த்தால் பழுப்பையே காணோம். எங்கே போகிறது?

மீன் குடித்துவிட்டதா? செடி தின்றுவிட்டதா? தின்றால் ஏன் சோகை?

அடுக்களையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தாள். இரண்டிலும் தண்ணீர், மருந்து. ஒன்றில் மட்டும் கழுவிய புதுக் கரி ஒரு கைப்பிடி. மீனும் கிடையாது, செடியும் கிடையாது.

"என் டம்ளர்ல என்னடி கூத்து?" என்றாள் அம்மா.

"ரெண்டு நாள் தொடாதம்மா. தண்ணி குடிச்சிராத!"

இரண்டாம் நாள் மாலை. ஒரு டம்ளர் அப்படியே பழுப்பாய் இருந்தது. கரி போட்டது வெளுத்துவிட்டது.

குண்டூசி தரையில் உட்கார்ந்தாள். கரிதான் திருடன்! ஆனால் அதை எப்படிச் சொல்வது? அந்த வெடித்த விரல்கள்தானே ஒவ்வொரு வாரமும் கரியைக் கழுவுகின்றன. 'உன்னாலதான்' என்றால் அம்மா முகம் வாடிப்போகும்.

இரண்டு டம்ளரையும் அம்மா முன்னால் வைத்தாள்.

"அம்மா, கறை விஷயத்துல உன்னை மிஞ்ச ஆள் இல்ல. ரெண்டுலயும் ஒரே மருந்துதான் விட்டேன். இது மட்டும் எப்படி வெளுத்துச்சு?"

அம்மா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். தொட்டியைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள்.

"அட ராமா! செடியோட சோத்தையும் சேர்த்துல்ல துவைச்சிருக்கேன்!"

அப்புறம் அவளுக்கும் குழப்பம். "அழுக்கு போகட்டும்னுதானே போட்டேன்? அப்போ அழுக்குதான் நல்லதா?"

"தெரியலம்மா. அக்கா வீட்டுச் செடி மீன் கழிவைத் தின்னுதான் வளருது போல. எனக்கும் பாதிதான் புரியுது."

"பாதி போதும். கரியை எடு."

பஞ்சு மட்டும் மிஞ்சியது. நாலைந்து நாளில் தண்ணீர் லேசாய்ப் பழுப்பேறியது. அம்மாவின் கை துறுதுறுத்தது. ஒரு முறை கரிப் பொட்டலத்தை எடுத்தேவிட்டாள். குண்டூசி கையை நீட்டியதும் கொடுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் பச்சைத் துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இலைமேல் இலை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பெரிய கப்பியின் வயிறு ஒட்டியிருந்தது. எங்கே குட்டிகள்? குண்டூசி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

இலைகளுக்கு நடுவே ஒரு கருப்புப் புள்ளி அசைந்தது. அப்புறம் இன்னொன்று. எல்லாம் கண்கள்!

"அம்மா! ஒம்பது! இல்ல, பதினொண்ணு!"

அம்மா ஈரத் துணியோடு ஓடிவந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணினாள். பதினான்கு.

"சரி, தண்ணி எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். கண்ணாடியையாவது துடைச்சுக்கவா?"

குண்டூசி கொஞ்சம் யோசித்தாள்.

"வெளிப்பக்கம் மட்டும்."