அறுக்காத நூல்

கடற்பறவையின் பெயர் தாங்கிய ‘ஆலா’ என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. இரண்டே பாய்மரம், பதினான்கே பீரங்கி. அதில் பாய் தைப்பவர் தாம்சினின் அப்பா. பிரெஞ்சுக்காரரோடு போர் என்று அவர் கப்பலேறியபோது அவளுக்கு வயது நான்கு. இப்போது பத்து.

ஆலாவின் ஆறாண்டு வரலாறும் அவள் தோளில் மடிந்து கிடந்தது. கடிதம் எழுதும்போதெல்லாம் அப்பா அதைப் பழம்பாயின் துண்டொன்றில் சுற்றி அனுப்புவார். எதிரிக் கப்பலைத் துரத்திய நாளில் குண்டு துளைத்த துண்டு ஒன்று. பிஸ்கே விரிகுடாப் புயல் கிழித்தது ஒன்று. மேற்கிந்தியத் தீவுகளின் வெயிலில் வெளுத்தது ஒன்று. இப்படி வந்த ஆறையும் இணைத்து விரிப்பாகத் தைத்திருந்தாள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கடலோடிகளுக்காகச் சங்கீதம் பாடும்போது அதைத்தான் போர்த்திக்கொள்வாள்.

தண்ணீர் நிரப்பியதும் ஆலா மறுபடி புறப்பட்டுவிடும். இறங்கவிட்டால் ஓடிப்போவார்கள் என்று மாலுமிகளைக் கரைக்கு விடுவதில்லை. பார்க்க வேண்டுமானால் வீட்டார்தாம் படகேற வேண்டும்.

கப்பலுக்கு முட்டைக்கோசு கொண்டுபோகும் லவ்டேயின் படகில் ஒரே ஓர் இடம் இருந்தது. தாம்சின் ஒரு காலை உள்ளே வைத்தாள். பின்னால் பக்கத்து வீட்டு ஐந்து வயது ஜாகோ நின்றான். அவன் பிறக்குமுன்பே அவன் தந்தையும் ஆலாவில் போய்விட்டார்.

“எங்கப்பா எப்படி இருப்பாருக்கா?” என்று கேட்டான்.

தாம்சினுக்குத் தன் அப்பாவின் முகம் மங்கலாகவேனும் நினைவிருந்தது. வைத்த காலை மெல்ல எடுத்தாள்.

“நீயே போய்ப் பாத்துட்டு வாடா.”

“யாராவது ஒருத்தர் ஏறுங்க தாயி. நீங்க யோசிக்கிறதுக்குள்ள என் கோசு வாடிடும்,” என்றாள் லவ்டே.

படகு போயிற்று. பிறகு தாம்சினுக்கு ஒன்று தோன்றியது. பழந்துடுப்பொன்றில் விரிப்பைக் கட்டிப் பாறைமேலேறி உயர்த்திப் பிடித்தாள். தன் கையால் வெட்டிய துணி அப்பாவுக்குத் தெரியாதா? கப்பலில் மனிதர்கள் எறும்புகளாய்த் தெரிந்தார்கள். எந்த எறும்பு அப்பா என்றுதான் தெரியவில்லை. கை கடுத்தும் துடுப்பைத் தாழ்த்தவில்லை.

திரும்பி வந்த ஜாகோவின்மேல் தார் மணத்தது. தன் அப்பாவுக்கு முன்பல் இரண்டு இல்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து புதுப்பாய்த் துண்டொன்றை எடுத்தான். ஓரம் பாதிதான் தைத்திருந்தது. ஊசி அதிலேயே நின்றது.

“உங்கப்பா பாறையையே பாத்துட்டிருந்தாருக்கா. மூக்கை மூக்கைத் தொடச்சிக்கிட்டாரு. நூலை அறுத்துடாதேன்னாரு. மீதியை அவரே வந்து தைப்பாராம்.”

ஆலா பாய் விரித்து மேற்கே திரும்பியது. தாம்சின் அந்த ஏழாவது துண்டை விரிப்பின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். ஊசியைக் கழற்றவில்லை.