தரை இருந்த உயரம்

வேன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு. பத்து நாள் களப்பயணத்தில் இதுதான் கடைசி நிறுத்தம். காலையில் மண்ணைத் தோண்டுவது, மாலையில் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களிடம் கதை கேட்பது என்று கல்லூரி மாணவர்களை ஊர் ஊராக இழுத்தடித்திருந்தது. செகிஞ்சான் வயலில் முழங்கால் சேறு, சுங்கை பெசாரில் மீன் நாற்றம், இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் இந்தச் செம்பனைக் காடு. இதை முடித்தால் வேன் ஷாமளாவையும் அவள் தம்பி பவனேஷையும் ரவாங்கில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும்.

"தம்பிய முழுசா கொண்டாந்து சேர்த்துடு," என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தாள். இருபது வயதுத் தடியனை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று ஷாமளா அப்போது சிரித்தாள்.

தோட்டத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் பத்து வீடு. ஒன்பதில் கூரை சரிந்து கிடந்தது. கடைசி வீட்டின் கதவு மட்டும் திறந்திருந்தது. விரிவுரையாளர் திலீப் அந்த வீட்டுப் படியைக் காட்டினார். சிமெண்டுப் படியின் அடி தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"இது கம்புட் மண்ணு, மக்கின இலை தழையெல்லாம் சேர்ந்த சதுப்பு மண்ணு. தண்ணி ஊறிக் கிடந்தவரைக்கும் உப்பியிருந்துச்சு. செம்பனைக்காகக் கால்வாய் வெட்டித் தண்ணிய வடிச்சாங்க, மண்ணு வத்தி எறங்கிப் போச்சு. வீடு ஆழமா அடிச்ச கட்டை மேல நிக்குது, அதனால அது எறங்கல. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி தரை இந்தப் படி வரைக்கும் இருந்துச்சு," என்றார்.

பவனேஷ் நாடாவை வைத்து அளந்தான். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.

"யாரு, படிக்கிற பிள்ளைங்களா?"

படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். தலை ஈரமாக இருந்தது. பெயர் குமுதா என்றாள். திலீப்பும் மற்றவர்களும் மண் மாதிரி எடுக்க இரும்புக் குழாய் இறக்கப் பின்பக்கம் போய்விட, பவனேஷ் கைப்பேசியை நீட்டிக் கதை கேட்க ஆரம்பித்தான். விடியற்காலையில் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பெரட்டு, வேலை வாங்கும் மண்டோரின் ஏச்சு எல்லாம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு வேலைக்குப் போயிட்டு வரேன்னு சொன்னாரு. வரவே இல்ல."

ஷாமளா அப்போதுதான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பட்டப்பகலில், வெறும் தரையில் ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். நனைந்த சாம்பல் வாடை மூக்கில் ஏறியது.

சாவு வீடு. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அதைக் கிளம்பச் சொல்வதாக எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"சரிக்கா, போயிட்டு வரோம்."

மற்ற வீடுகளில் இப்படிச் சொல்லாமல் கிளம்பினால் அம்மா தலையில் குட்டுவாள். சாவு வீட்டில் மட்டும் இதைச் சொல்லவே கூடாது. வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும். பாவிப்பயல் நல்ல பிள்ளையாக நடந்து கெடுத்துவிட்டான்.

குமுதா அவனை மட்டும் பார்த்தாள்.

"வரணும் தம்பி. சொல்லிட்டு வராம இருக்கக் கூடாது."

சாமான்களை வேனில் ஏற்றும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. காவலாளி ஐயாவு மோட்டார்சைக்கிளில் வந்து நின்றார். ஐம்பது தாண்டியவர்.

"கடைசி வீட்டுல ஒரு அக்கா இருக்காங்களே, அவங்க வீட்டுல யாரு தவறிட்டாங்க?" என்று ஷாமளா மெல்லக் கேட்டாள்.

"அங்க யாரும் இல்ல லா. முன்னாடி குமுதான்னு ஒருத்தங்க இருந்தாங்க. நான் ஸ்கூல் போறப்பவே செத்துட்டாங்க."

ஷாமளா வேனுக்குள் பார்த்தாள். தம்பியின் இருக்கை காலியாக இருந்தது.

லயத்தின் பக்கம் திரும்பினாள். பவனேஷ் கடைசி வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அவனை எதிர்கொள்ள குமுதா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

கடைசிப் படியையும் தாண்டி வந்தாள்.

அவள் பாதத்துக்குக் கீழே புல் அசைந்தது.

முழங்கால் உயரத்தில், எப்போதோ இறங்கிப்போன தரையின் மேல், அவள் நிதானமாக நடந்து வந்தாள்.

ஷாமளா ஓடினாள். கறுத்த மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு ஓடினாள். தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. வலது காலைத் தூக்கி, படியில் ஏறுவதுபோல் காற்றில் வைத்தான்.

கால் நின்றது.

இடது கால் மண்ணை விட்டு எழும்பியபோது அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வரேன்னு சொன்னான்," என்றது மேலேயிருந்து ஒரு கிசுகிசுப்பு. "வந்துட்டான்."

"நான் அவனோட அக்கா," என்றாள் ஷாமளா. எந்த வாசலிலும் சொல்லக் கூடாது என்று பழக்கியிருந்த சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். "நாங்க போறோம். இனிமே வரமாட்டோம். போறோம்."

வீட்டுக்குள் விளக்கு அணைந்தது. பவனேஷ் தொப்பென்று அவள்மேல் விழுந்தான். இருவரும் திரும்பிப் பார்க்காமல் வேனுக்கு ஓடினார்கள்.

தஞ்சோங் காராங் தாண்டியபோது அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி சூடாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது. ஷாமளா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், இன்னும் ஒரு மணி நேரம்தான்.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

"பாதி தூரம் வந்துட்டோம்மா. தம்பி தூங்கறான்."

"நல்லா தூங்கட்டும். வீட்டுக்கு ஆளு வராங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? இங்க ஒரு அக்கா வந்து உக்காந்திருக்காங்க. தம்பி கூட பேசிட்டிருந்தாங்களாம். பேரு குமுதாவாம்."

"உள்ள விடாதம்மா," என்றாள் ஷாமளா.

"என்ன பேச்சுடி இது? வந்தவங்கள வாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். சோறு போட்டு வச்சேன், சாப்பிடமாட்டேங்குறாங்க. தம்பி வரட்டும்ங்குறாங்க."