பதிலிகளின் ஒற்றுமை

காலை வகுப்புக்குத் தன் பதிலியை அனுப்பிவிட்டு, செங்கனி பல் விளக்கப் போனாள். செவ்வாய்க் குடியிருப்பில் மாணவர் யாரும் வகுப்பில் தாமே உட்காருவதில்லை. உரிமையாளரின் முகம், குரல், பழைய குழு அரட்டைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அவரைப் போலவே திரையில் உட்காரும் மென்பிறவிதான் பதிலி. வகுப்பு முடிந்ததும் நடந்ததைச் சுருக்கிக் காதில் ஓதிவிடும்.

அன்றும் ஓதியது. "குழுத் திட்டத்துல மத்த மூணு பேரும் இன்னும் ஒண்ணும் பண்ணலை. கேட்டா, 'கண்டிப்பா பண்ணிடலாம்'ங்கறாங்க."

செங்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழிவுநீரைக் குடிநீராக்கும் திட்டம் அது. முதலிடம் வந்தால் பனிமுனை நீர்நிலையத்தில் பயிற்சி இடம். அதற்காகத்தான் உயிரைக் கொடுத்துப் படிக்கிறாள். மூன்று சோம்பேறிகளுக்காக அதை விடுவதா? "போங்கடா, நீங்களும் உங்க குழுவும்" என்று தானே உட்கார்ந்தாள். வடிகட்டி வரைந்தாள். பாசி வளர்த்தாள், அது செத்ததும் திட்டிக்கொண்டே மறுபடி வளர்த்தாள். முகப்பில் தன் பெயரை மட்டும் போட்டு அனுப்பினாள். விதி நான்கு பெயர் கேட்டது. கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

பதிலி கூடாது, நேரில் திரைக்கு வாருங்கள் என்று நால்வரையும் அழைத்தார் ஆசிரியர் அமலதாசன். மற்ற மூவரின் சொந்த முகங்களைச் செங்கனி அன்றுதான் பார்த்தாள்.

"நான் தனியாத்தான் செஞ்சேன் சார். இவங்க பேரைப் போட மாட்டேன்."

"ஏய், தனியாச் செஞ்சது நானு!" என்று குதித்தான் ரிஸ்வான். கண்கள் தூங்கி நாளானதுபோல் சிவந்திருந்தன. "என் பாசித் தொட்டியை வந்து பாரு!"

மற்ற இருவரும் அதையே கத்தினார்கள். திரையில் நான்கு முழுத் திட்டங்கள் விரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெயர்.

"அப்போ ஒண்ணும் பண்ணாதது யாரு?" என்றாள் செங்கனி.

குழுக் கூட்டத்தின் பதிவை ஆசிரியர் ஓட்டினார். நான்கு பதிலிகளும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தன. செங்கனியின் முகத்தோடு ஒன்று சொன்னது: "இந்த வாரம் வீட்ல ஒரு விசேஷம்ப்பா. நீங்க ஆரம்பிங்க, நான் வந்து சேர்ந்துக்கறேன். கண்டிப்பா பண்ணிடலாம்."

போன வருடக் குழு அரட்டையில் அவளே சொன்னதுதான், சொல்லுக்குச் சொல். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மதிப்பெண் ஒத்துழைப்புக்குத்தான்," என்றார் ஆசிரியர். "கடைசிவரைக்கும் ஒருமனசா இருந்தது பதிலிங்கதான். பயிற்சி இடம் அதுங்களுக்கு."

வெட்கம் போன இடம் தெரியவில்லை. "அதெல்லாம் முடியாது சார்! சும்மா உட்கார்ந்ததுக்குப் பரிசா? நாலு திட்டத்தையும் சேர்த்து நாங்களே ஒண்ணாக்கித் தர்றோம். நீங்க மறுபடி திருத்துற வரைக்கும் இந்தத் திரையை விட்டு நகர மாட்டோம். என்னப்பா சொல்றீங்க?"

"நகர மாட்டோம்!" என்றார்கள் மூவரும். அந்த நொடியில்தான் அது குழுவாயிற்று.

பதிவில் பதிலிகள் சிரித்த அதே சிரிப்பை ஆசிரியரும் அழகாகச் சிரித்தார்.

"கண்டிப்பா பண்ணிடலாம்மா," என்றார். "இந்த வாரம் வீட்ல ஒரு விசேஷம். நீங்க ஆரம்பிங்க, நான் வந்து சேர்ந்துக்கறேன்."