மூன்று சுவர் அறை

கட்டில் விரிப்பில் ஒரு குழி விழுந்திருந்தது. பெரிய குழியெல்லாம் இல்லை. தலையணையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தால் விழுமே, அந்த அளவுதான். மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்கவே படாது. அவளுக்கு மட்டும் விரிப்பில் ஒரு சுருக்கம் என்றால் சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி. குனிந்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். குழி மறைந்தது. நீவிய இடம் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

"முடிஞ்சிருச்சு, வா" என்றார் கணவர்.

கண்ணைத் திறந்தாள். தன் வீட்டுப் படுக்கையில் குப்புறக் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே, கரு தங்குவதற்காக அவர் போட்ட எண்ணெய் ஊசி இறங்கிய இடம் தீயாய் எரிந்தது. அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார். சற்று முன் அவள் நீவிவிட்ட கட்டில் இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது. அந்த அறையும் கிடையாது. வலியைத் தாங்குவதற்காக அவளே மனசுக்குள் கட்டிக்கொண்ட அறை அது. அவள் போடாத குழி அதில் எப்படி விழும்?

அறை கட்டச் சொல்லிக்கொடுத்தது கருத்தரிப்பு மையத்தின் நர்ஸக்கா. முதல் பரிசோதனையில் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே சாயத்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். 'லேசா ஒரு பிடிப்பு மாதிரி இருக்கும்' என்றார் டாக்டர். லேசாம்! தன் உடம்பில் நடக்காத எதுவும் சிலருக்கு லேசுதான். மேஜை விளிம்பை அவள் பிடித்த பிடியில் நகம் பெயர்ந்துவிட்டது. அப்போதுதான் நர்ஸக்கா தலைமாட்டுக்கு வந்து நின்றுகொண்டு காதருகே பேசினாள்.

"கண்ண மூடிக்கோம்மா. உனக்குப் பிடிச்ச எடம் ஒண்ணு நெனச்சுக்கோ. அங்க போயிரு. உடம்ப எங்ககிட்ட விட்டுட்டுப் போ, நாங்க பாத்துக்கறோம்." சற்று நிறுத்திவிட்டு, "ஆனா அங்க ஆள் யாரையும் வச்சுறாத. ஆள் இருந்தா திரும்பி வர மனசு வராது. அப்புறம் உன்ன எழுப்பறதுக்குள்ள எங்க பாடு பெரும்பாடாயிரும்" என்றாள்.

இடம் நினைப்பது அவளுக்குக் கைவந்த கலை. ஃபர்னிச்சர் கடையில் மாதிரி அறைகள் ஜோடிப்பதுதான் அவள் வேலை. படுக்கையறை, படிக்கும் அறை, விருந்தினர் அறை என்று கடை முழுக்க அவள் கைவண்ணம்தான். யாருமே குடியிருக்காத இத்தனை வீடுகளுக்கு ஒரே சொந்தக்காரி என்று அங்கே எல்லாரும் அவளை 'வீட்டம்மா' என்று கிண்டலடிப்பார்கள். அந்த அறைகளுக்கெல்லாம் மூன்று சுவர்தான். நான்காவது பக்கம் வாடிக்கையாளர் நின்று பார்ப்பதற்காகத் திறந்தே கிடக்கும். மனசுக்குள் கட்டிய அறையையும் பழக்கதோஷத்தில் அப்படியேதான் கட்டினாள். கதவு வைக்கத் தோன்றவில்லை. வலி வந்தால் அந்தத் திறந்த பக்கம் வழியாக உள்ளே போவாள், கணவரின் குரல் கேட்டால் அதே வழியாக வெளியே வருவாள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு பொருள் வைத்தாள். மேகம் மேகமாகப் படம் போட்ட சுவர்க் காகிதம். தரையைத் தொடும் நீலத் திரை. ஒரு மஞ்சள் விளக்கு. அப்புறம் ஆசை யாரை விட்டது, ஒரு சின்னக் கட்டில். ஆளையா வைத்தோம், கட்டில்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விரிப்பில் குழி விழுந்த அந்த முறை வைத்த கரு தங்கவில்லை. முதல் தடவையும் தங்கவில்லை, இது இரண்டாவது. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். வெளியே அவருடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வந்து பார்த்தால் ஊசிக்கடியில் துணியே இல்லை. தையல்காரரான அவர் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் கருமுட்டை எடுக்கும் நாள் வந்தது. மயக்க மருந்து அவளுக்குப் போதவில்லை, அல்லது பாதியில் விட்டுப் போயிற்று. உள்ளே நீளமாக ஒன்று துழாவிக் குத்துவது தெரிந்தது. வாய் திறக்கவில்லை, கை அசையவில்லை. பல்லைக் கடிக்கக்கூட முடியாத நிலையில் அறைக்குள் ஓடினாள்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரிப்பில் அதே குழி. புதுப் பலகை வாசனைக்கு நடுவே ஈரத் தலைமுடியின் வாசனை மெல்ல வந்தது. நீலத் திரை அவள் முழங்கால் உயரத்தில் லேசாகப் புடைத்திருந்தது, மூச்சுவிடுவதைப் போல உள்ளே போய் வெளியே வந்தது. திரைக்கு அடியில் ஒரு பாதம் தெரிந்தது. விரல்கள் இன்னும் பிரியாத பாதம்.

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இன்னிக்கு எவ்ளோ நேரம்மா இருப்பே?" என்றது திரை.

எத்தனையோ வருஷமாகக் கேட்க ஏங்கிய 'அம்மா' என்ற அந்த ஒரு வார்த்தையை அது இத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டது. பயத்தில் நெஞ்சு உறைந்தது, அந்த நெஞ்சிலேயே பாலும் கட்டுகிற மாதிரி இருந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வலி போனா நீ போயிருவே. எனக்குத் தெரியும்." திரை மறுபடி உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு, "அந்தப் பக்கம் ஏம்மா சுவரே இல்ல? குளிருது."

கடையில் வாடிக்கையாளர் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. அந்தப் பழக்கம்தான் அவள் நாக்கில் முந்திக்கொண்டது. "அடுத்த தடவ வச்சுத் தரேன்டா கண்ணா."

கண்விழித்தபோது நர்ஸக்கா அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அங்க ஆள் இருக்கு."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ஆள் வைக்காதன்னு."

"ஆள் வைக்கலக்கா. கட்டில்தான் வச்சேன். சின்னக் கட்டில்."

நர்ஸக்கா போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடினாள். "கட்டில் போட்டுட்ட பிறகு ஆள எதுக்கும்மா தனியா வைக்கணும்?" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மூன்றாவது முறை கரு வைத்தார்கள். மாலைதோறும் எண்ணெய் ஊசி மறுபடி தொடங்கியது. போட்ட இடமெல்லாம் கட்டிகட்டியாக இறுகிப்போய், உட்கார்ந்தால் கூழாங்கல்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அவர் தேய்த்துவிடுவார்.

"துணியக் குத்தியே பழகின கைம்மா இது. துணி கத்தாது. நீயும் கத்த மாட்டேங்கறே. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றார் ஒருநாள்.

"மெதுவாப் போடுங்க" என்றாள் அவள்.

"ஊரே சீக்கிரம் போடுன்னு கெஞ்சும். நீ என்ன?"

"மெதுவாப் போடுங்கன்னா போடுங்களேன்."

ஊசி மெதுவாக இறங்கினால் அந்த அறையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, திரைக்குள்ளிருந்து வரும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். திரையை விலக்கிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. சுவரும் வைக்கவில்லை. வைத்துவிட்டால் எந்த வழியாகத் திரும்பி வருவது? அது குளிருகிறது என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் மறந்துபோனவள் மாதிரி நடித்தாள். பெற்ற தாயாக இருந்தால் இப்படி நடிப்பாளா என்று வீட்டுக்குத் திரும்பிய பிறகு தன்னையே வெறுத்துக்கொள்வாள்.

மூன்றாவதும் தங்கவில்லை.

அவர் மீதமிருந்த ஊசிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "போதும்மா. நமக்குக் கொழந்த இல்லன்னா இல்ல. துணி கிழிஞ்சா நான் தச்சிருவேன். நீ கிழிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் தலையாட்டினாள். பெரிய பாரம் இறங்கியது என்று எல்லாரிடமும் சொன்னாள். அன்று மாலை ஊசி இல்லை, அதற்கு அடுத்த மாலையும் இல்லை. கண்ணை மூடினால் வெறும் இருட்டுதான் இருந்தது. தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளுவதற்கெல்லாம் திறக்கிற இடமா அது? அங்கே குளிரில் ஒரு பிள்ளை உட்கார்ந்துகொண்டு, அம்மா எப்போது வருவாள், அதாவது அம்மாவுக்கு எப்போது வலிக்கும் என்று காத்திருப்பதை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சில வாரம் கழித்துக் கடையில் குழந்தைகள் அறை ஒன்றைப் புதிதாக ஜோடிக்கச் சொன்னார்கள். நண்பகல் நேரம், வெளியே வெயில் கொளுத்தியது. கடைக்குள் ஏசியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போக அவர் வருவதாகச் சொல்லியிருந்தார். கிடங்கிலிருந்து வந்த பொருள்களை வேலை மும்முரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனாள். எல்லாம் வைத்து முடித்து இரண்டு அடி பின்னால் வந்து நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

மேகக் காகிதம். நீலத் திரை. மஞ்சள் விளக்கு. சின்னக் கட்டில்.

விரிப்பில் குழி.

அவள்தான் இப்போது விரித்தாள். சுருக்கமே இல்லாமல் இழுத்து விரித்தாள். உள்ளே போய்க் குனிந்து நீவினாள், குழி மறைந்தது. விளக்கை நேராக வைக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் கட்டில் சட்டம் 'கிறீச்' என்றது. மெல்லிய சத்தம். கனமே இல்லாத ஒருவர் ஏறி உட்காரும் சத்தம்.

திரும்பவில்லை. ஈரத் தலைமுடி வாசனை.

இடுப்புக்குக் கீழே, இறுகிப்போன ஒரு கட்டியின்மேல், சேலைக்கு மேலாக ஒரு விரல் வந்து நின்றது. சின்ன விரல். தடவிப் பார்த்தது. இடம் பார்த்து அழுத்தியது.

உயிர் போகிற வலி. வலி வந்தால் அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும், அத்தனை நாள் பழக்கம்.

திறந்தாள்.

ஏசி இரைச்சல் இல்லை. வெயில் இல்லை. மஞ்சள் வெளிச்சம் மட்டும். திறந்த பக்கத்தை நோக்கி ஓடினாள். உள்ளங்கைகள் எதன்மேலோ மோதின.

சுவர்.

மேகக் காகிதம் ஒட்டிய சுவர். காகிதம் கோணல்மாணலாக ஒட்டியிருந்தது. கீழிருந்து அவள் முழங்கால் உயரம்வரை காகிதம் நெடுக ஈரக் கைரேகைகள். அதற்கு மேலே எப்படி எட்டியிருக்கும்?

"நீ வைக்கவே இல்ல. அதான் நாங்களே வச்சுட்டோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாங்களே.

திரைக்கு அடியில் பார்த்தாள். ஒரு பாதம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. எதிலும் விரல் பிரியவில்லை.

"என்னம்மா, வேலை முடிஞ்சிருச்சா? வா, போலாம்." சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல். மிகப் பக்கத்தில், ஒரு காகிதத்தின் கனம்தான் நடுவில் இருக்கும்போலக் கேட்டது. அவள் இரண்டு கையாலும் சுவரை அறைந்தாள். சத்தமே வரவில்லை. "எங்க போயிட்டே? செருப்பு இங்க கெடக்கே?" என்று அவர் தேடிக்கொண்டே தள்ளிப் போவது கேட்டது.

கட்டிலில் உட்கார்ந்தாள். திரை தானாக ஒதுங்கியது. மடியில் ஏதோ ஏறியது, ஈரமாக, கனமே இல்லாமல். பிறகு இன்னொன்று. மூன்றாவதற்கு மடியில் இடமில்லை, அது முதுகுப்பக்கம் வந்து அவளை அணைத்துக்கொண்டது. அவளையும் அறியாமல் அவள் கைகள் அவற்றைச் சுற்றி வளைத்தன.

"இப்பக் குளிரலம்மா" என்றது ஒன்று.

அந்த நிம்மதியான குரலைக் கேட்டு அவளுக்கு அழுகை பீறிட்டது. வலி மெல்லக் குறையத் தொடங்கியது. குறையக் குறைய மஞ்சள் வெளிச்சம் மங்கியது. சுவர் லேசாக மெலிந்து, அதற்கப்பால் வெயில் தெரிகிற மாதிரி இருந்தது.

"வலிச்சாத்தானே நீ இருப்பே?" என்று முதுகுப்பக்கம் கேட்டது.

ஊசி போட்ட இடங்கள் எல்லாம் அவற்றுக்கு மனப்பாடம். சின்ன விரல்கள் அவள் இடுப்பைத் தடவி, கட்டிகளைத் தேடிக் கண்டுபிடித்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், அழுத்தத் தொடங்கின.