ஒரே கல்யாணத்துப் பைகள்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை காலை, போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் இரண்டு தாம்பூலப் பைகள் அருகருகே இருந்தன. இரண்டும் ரோஸ் நிறம். இரண்டிலும் ‘ஜோதி – பாண்டியராஜ்’ என்று அச்சடித்திருந்தது.

இந்தப் பக்கத்தில் தாம்பூலப் பையை யாரும் தூக்கி எறிவதில்லை. தேங்காய் சட்னியாகிவிடும், வெற்றிலை வாடிவிடும், பை மட்டும் வருஷக்கணக்கில் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போய் வரும். சித்திரையில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு ஊர் மொத்தமும் போயிருந்தது. அதனால் ஆவணியிலும் போடித் தெருக்களில் ஜோதியும் பாண்டியராஜும் ஆள் ஆளுக்குக் கையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சிலிருந்த ஒரு பைக்குச் சொந்தக்காரன் சோணை. குரங்கணிக்கு மேலே அவன் வீட்டுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. முதல் பறிப்பில் நல்ல காயாகப் பொறுக்கி, வியாபாரியிடம் காட்டக் கொண்டுவந்திருந்தான். வெளியே சாரல். கையில் டீ. நிம்மதியாக முதல் மடக்கைக் குடிக்கப் போன நேரத்தில் ஒரு பெண் உள்ளே ஓடிவந்து, தன் பையை அவன் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குடையை மடக்கி உதறினாள்.

குடையிலிருந்த மழையில் பாதி அவன் டம்ளருக்குள் விழுந்தது.

“ஏங்க... டீயில சீனி பத்தலைன்னுதான் கடைக்காரர்ட்ட சொன்னேன். தண்ணி பத்தலைன்னு சொல்லல.”

அவள் திரும்பினாள். நனைந்த இமைகள், அவற்றுக்குக் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... சோணை டம்ளரைக் கீழே இறக்கினான்.

“மன்னிச்சுக்கங்க,” என்றாள். பிறகு, பதற்றத்தில், “இது இஞ்சி டீயா, ஏலக்காய் டீயா?”

“ஏலக்காய்.”

“ரெண்டும் ஒண்ணுதான். ஏலக்காய் இஞ்சிக் குடும்பம். அண்ணன் தம்பி மாதிரி.”

“யாருட்ட சொல்றீங்க? நான் தோட்டக்காரன். ஏலச்செடியப் பாத்தா வாழை மாதிரி இருக்கும். எங்க இஞ்சி, எங்க ஏலம்?”

“ஒரு இலையக் கசக்கி மோந்து பாருங்க. அப்புறம் பேசுங்க.”

அவள் பெயர் அனுசியா. பதற்றம் வந்தால் அவள் வாயிலிருந்து இப்படி ஏதாவது ஒரு தகவல் வந்து விழும். சின்ன வயதிலிருந்து இருக்கும் வியாதி. அதையே தொழிலாக்கி ‘அனுசியா அடுப்படி’ என்று யூடியூபில் ஒரு சேனல் நடத்தினாள். ஒரு நாள் சமையல், ஒரு நாள் கைவேலை. எதைச் செய்து காட்டினாலும் கடைசியில் “ஒரு சங்கதி சொல்றேன்” என்று ஆரம்பித்து அந்தப் பொருளின் பூர்வீகத்தையே சொல்லிவிடுவாள்.

இப்போது அவளுக்கு முதல் பெரிய வேலை வந்திருந்தது. மறுநாள் மாலை ஒரு தலைமையாசிரியைக்குப் பணி நிறைவு விழா. மேடையில் போட ஏலக்காய் மாலை வேண்டும். அப்பா அமாவாசை தெளிவாகச் சொல்லிவிட்டார்: “இது ஒழுங்காப் போச்சுன்னா நீ பாட்டுக்கு உன் சோலியப் பாரு. சொதப்புச்சு... கோயம்புத்தூர்ல மாமா சொன்ன கம்பெனிக்குப் பெட்டியக் கட்டு.” மாலைக்கான ஏலக்காய், தங்க நிற மணி, ரிப்பன் எல்லாம் வாங்கிய பைதான் பெஞ்சிலிருந்த இன்னொன்று.

வெளியே அவன் வந்த ஜீப் ஹாரன் அடித்தது. சோணை ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓடினான். அனுசியா மீதமிருந்ததை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருமே ‘ஜோதி – பாண்டியராஜ்’ என்பதைப் படித்துச் சரிபார்த்துத்தான் எடுத்தார்கள்.

வியாபாரியின் கடையில் தட்டை நீட்டினார்கள். சோணை பெருமையாகப் பையைக் கவிழ்த்தான். சின்னதும் வெளுத்ததுமாக ஏலக்காய் விழுந்தது. கூடவே தங்க மணிகள் உருண்டன. கடைசியாக ஒரு சிவப்பு ரிப்பன் மெதுவாக வந்து இறங்கியது.

வியாபாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். “என்ன மாப்ளே, செடிக்கு நகைக்கடையிலயா உரம் வாங்குற?”

கடையே சிரித்தது. கணக்குப் பார்க்கும் அருணா அக்கா மட்டும் ஒரு மணியை எடுத்துப் பார்த்தாள். “இது மாலைக்குக் கோக்குற மணிப்பா. நம்ம ஊர்ல ஒரு பிள்ளை கட்டுது. இந்தா, இப்பக்கூட நேரலையில இருக்கு பாரு.”

அவள் நீட்டிய போனில், மழையில் பார்த்த அதே கண்கள். அவற்றுக்குக் கீழே, ஊசியின் நுனியில், அவன் தோட்டத்துக் காய்.

அனுசியாவுக்கு அதுவரை சந்தேகமே வரவில்லை. பையில் மணியும் ரிப்பனும் இல்லாததற்கு ஃபேன்சி ஸ்டோர்காரனைத் திட்டினாள். காய் மட்டும் பருத்து, பச்சைப் பசேலென்று இருந்ததற்கு மளிகைக்கடைக்காரரின் நல்ல மனசே காரணம் என்று முடிவு செய்தாள். வீட்டிலிருந்த பழைய மணிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

“காயை அப்படியே குத்துனா வெடிச்சிரும். ஈரத்துணியில கொஞ்ச நேரம் சுத்தி வச்சிட்டு, காம்புப் பக்கமா ஊசிய விடுங்க. ஒரு சங்கதி சொல்றேன்... ஏலக்காய்த் தோலைத் தூரப் போடாதீங்க. சீனி டப்பாவுல போட்டு வச்சா, காப்பிக்கும் டீக்கும் வாசனை தானா வந்துரும்.” கருத்துகளைப் பார்த்தாள். “சோணைன்னு ஒருத்தர் சொல்றாரு... ‘குத்தாதீங்க, அது என் காய்.’ சந்தோசம் அண்ணே, எல்லாக் காயும் எல்லாருக்கும் சொந்தந்தான்.”

அடுத்த வரி வந்தது: ‘அண்ணே இல்லைங்க. டீக்கடை.’

அவள் பையைப் பார்த்தாள். காயைப் பார்த்தாள். ஊசி விரலில் ஏறியது.

பொழுது சாயும் நேரத்தில் சோணை விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். உள்ளங்கால் வரை நனைந்திருந்தான். கதவைத் திறந்தவர் அமாவாசை.

“யாரு தம்பி?”

“பை மாறிப் போச்சுங்கய்யா. குரங்கணி. ஈஸ்வரன் மகன்.”

அமாவாசையின் முகம் மாறியது. “எந்த ஈஸ்வரன்? பாயச ஈஸ்வரனா?”

அப்போதுதான் சோணைக்கு விளங்கியது, எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று.

சித்திரையில் நடந்த கல்யாணத்தில் அமாவாசை பெண் வீட்டு ஆள், ஜோதிக்குச் சித்தப்பா. சோணையின் அப்பா ஈஸ்வரன் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, பந்தி விசாரிப்பு அவர் பொறுப்பு. ரெண்டாம் பந்தியில் அமாவாசை பாயசம் கேட்டார். ஈஸ்வரன் தீர்ந்துவிட்டது என்றார். அவ்வளவுதான் நடந்தது. அமாவாசை பாதி இலையில் எழுந்து போனார். அன்றிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறினால் ஒருவர் முன்வாசலில் இறங்குவார், இன்னொருவர் பின்வாசலில் இறங்குவார்.

“அனுசியா,” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார் அமாவாசை. “அவுக காயைக் குடுத்து அனுப்பு.”

“கோத்துட்டேன்ப்பா. பாதி மாலை முடிஞ்சிருச்சு.”

“அவுத்துக் குடு.”

“ஓட்டை போட்டாச்சுப்பா.”

“ஓட்டையோட குடு. அந்த வீட்டுக் காய் ஒண்ணுகூட இங்க தங்கப்படாது.”

சோணை குறுக்கிட்டான். “ஐயா, ஓட்டை விழுந்த ஏலக்காயை எவனும் வாங்க மாட்டான். இருக்கட்டும், நாளைக்கு அவங்களுக்கு வேணும்...”

“உங்கப்பன் இல்லேன்னாரு. நான் வேணாங்குறேன். சரியாப் போச்சு.”

அனுசியா நூலை உருவினாள். காய்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் விழுந்தன. சோணையால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பையை வாங்கும்போது அவள் மெல்லக் கேட்டாள்.

“இலையக் கசக்கிப் பாத்தீங்களா?”

“இன்னும் மேல போகலைங்க.”

“பாத்துட்டுச் சொல்லுங்க.” உருவிய நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். “நான் கோயம்புத்தூர்ல இருப்பேன்.”

சோணை திருப்பிக் கொடுத்த, தான் கடையில் வாங்கிய காயை வைத்து முயன்று பார்த்தாள். வியாபாரியின் தட்டில் கொட்டி அள்ளியதில் பாதிதான் திரும்பியிருந்தது. அதிலும் பாதி ஊசி பட்டதும் வெடித்தது. அப்பா போனில் கோயம்புத்தூர் பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா குருவம்மாள் அடுப்படியிலிருந்து, “ஒரு டம்ளர் பாயசத்துக்கு ஒரு பிள்ளைய ஊரைவிட்டு அனுப்புற மனுசன உலகத்துல இப்பத்தான் பாக்குறேன்,” என்று பாத்திரங்களிடம் சொன்னாள். பாத்திரங்கள் மட்டும் சத்தமாக ஆமோதித்தன.

ஞாயிறு காலை வாசலில் ஜீப் நின்றது. முதலில் இறங்கியது ஒரு பெரிய தூக்குவாளி. அதைப் பிடித்தபடி ஈஸ்வரன். பின்னால் ரோஸ் பையோடு சோணை.

தெருவே எட்டிப் பார்த்தது. அமாவாசை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஈஸ்வரன் தூக்குவாளியை நடுவில் வைத்தார்.

“என்னது?” என்றார் அமாவாசை.

“ரெண்டாம் பந்தி.”

குருவம்மாள்தான் டம்ளரோடு வந்தாள். அமாவாசை முதலில் மோந்து பார்த்தார். ஒரு மடக்குக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினார்.

“ஏலக்காய் தூக்கலா இருக்கு,” என்றார்.

“தோட்டம் வச்சிருக்கோம்ல.”

“அதான்யா அன்னைக்கும் கேட்டேன். உங்க வீட்டு ஏலக்காய்னு தெரிஞ்சுதான் கேட்டேன்.”

“அது எனக்குத் தெரியாமப் போச்சே மாமா,” என்றார் ஈஸ்வரன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “யாரு காய்ச்சுனது தெரியுமா? எம்மவன். விடியக்காலம் எந்திரிச்சு, போனப் பாத்துப் பாத்துக் காய்ச்சுனான்.”

சோணை தரையைப் பார்த்தான். அனுசியாவுக்குப் புரிந்துவிட்டது. அது அவள் செய்து காட்டிய பாசிப்பருப்புப் பாயசம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றச் சொல்லியிருந்தாள், அதன்படியே செய்திருந்தான். ஏலக்காயை எத்தனை போடுவது என்பதில் மட்டும் தன் இஷ்டத்துக்குப் போயிருந்தான்.

“வாங்க அண்ணே, உள்ள வாங்க,” என்றாள் அவள், கதவருகே தயங்கி நின்றவனைப் பார்த்து.

ஈஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார். “ஆத்தா, அவன அண்ணேன்னு கூப்பிடாத. முறை கெட்டுப் போகும்.”

அமாவாசைக்குப் புரையேறியது. ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மூன்றாவது டம்ளருக்குப் பிறகு, “அந்தக் காயக் குடுத்துட்டுப் போப்பா, பிள்ளைக்கு நேரமாகுது,” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் மாலை முடிய வேண்டும். நடு அறையில் பாய் விரித்து அனுசியா கோத்தாள். ஏற்கெனவே ஓட்டை போட்ட காய்களாக இருந்ததால் ஊசி சடசடவென்று ஓடியது. சோணை உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்து, கையில் எடுத்த முதல் காயையே உடைத்தான். இரண்டாவதையும்.

“நீங்க மணிய மட்டும் எடுத்துக் குடுங்க,” என்றாள்.

பெரியவர்கள் வாசலில் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை மறுபடி பிடித்தது. ஓட்டில் விழுந்த சத்தத்தில் வாசல் பேச்சு உள்ளே கேட்கவில்லை.

“இலையக் கசக்கிப் பாத்தேங்க,” என்றான் அவன் திடீரென்று.

“ம்...”

“இஞ்சியேதான். தோத்துட்டேன்.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கன்னம் சூடானது. பதற்றம் வந்துவிட்டது... வாய் தானாகத் திறந்தது.

“ஏலப்பூ காலைல விரியும். சாயந்திரத்துக்குள்ள வாடிரும். அந்த ஒரு நாளைக்குள்ள தேனீ வந்தாத்தான் காய் பிடிக்கும்.”

“மழைன்னா தேனீ வராதுங்க.”

“தெரியும்.” ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நேத்து மழை. நீங்க வந்தீங்க.”

சோணையின் கையிலிருந்த மணி நழுவி உருண்டோடியது. அவன் அதை எடுக்கவில்லை.

“இது... சங்கதிங்களா?”

“சங்கதின்னா எல்லாருக்கும் சொல்லுவேன். இது உங்களுக்கு மட்டும்.”

அவன் உள்ளதைச் சொன்னான்.

“நேத்து டீயில தண்ணி விழுந்துச்சுல்ல... அந்த டீயக் கீழ ஊத்தலைங்க. ஹாரன் அடிக்க அடிக்கக் குடிச்சிட்டுத்தான் ஓடுனேன்.”

“முழுசாவா?”

“முழுசா.”

அனுசியா நூலின் முனையில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக விழுந்தது.

அன்று மாலை தலைமையாசிரியை ஏலக்காய் மாலையைக் கழற்றாமலே ஏற்புரை நிகழ்த்தினார். விழாவில் மேலும் சிலர் அனுசியாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். கோயம்புத்தூர் மாமாவுக்கு அமாவாசை போன் செய்து, பெண் வரவில்லை என்று சொன்னார்.

2024 ஆவணியில் அனுசியாவுக்கும் சோணைக்கும் போடியில் கல்யாணம் நடந்தது. பந்தி விசாரிப்பை ஈஸ்வரனும் அமாவாசையும் சேர்ந்து பார்த்தார்கள். பாயசம் மிஞ்சியது. தாம்பூலப் பைகள் இரண்டு நிறத்தில் அச்சடிக்கப்பட்டிருந்தன, பெண் வீட்டாருக்குப் பச்சை, மாப்பிள்ளை வீட்டாருக்கு மஞ்சள்.